சுவர் வெடிப்பும் ஆணி ஓட்டையும்: புட்டித் தகட்டை எடுக்குமுன் எந்தப் பொருளைத் தெரிவது?

மாரி ஓய்ந்து தை பிறந்ததும், சித்திரைப் புத்தாண்டுக்கு முன் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க நினைப்பவர்களிடமிருந்து ஒரே கேள்வி வெவ்வேறு வடிவங்களில் வருகிறது. சுவரில் விழுந்த வெடிப்பையும், ஆணி பிடுங்கிய ஓட்டையையும், கட்டில் இடித்துப் பெயர்ந்த மூலையையும் எதைக் கொண்டு நிரப்புவது? சீமெந்துக் கலவையா, வெள்ளைச் சீமெந்துப் புட்டியா (சுவரை மட்டமாக்கப் பூசும் பசை), ஜிப்சம் தூளா, டப்பாவில் கலந்தே வரும் அக்ரிலிக் நிரப்பியா, அல்லது எதையும் வாங்காமல் மேசன் பாஸைக் கூப்பிட்டுவிடுவதா? ஹாட்வெயார் கடைக்காரர் தம்மிடம் இருப்பதைத் தருவார். அயலவர் தம் வீட்டுக்குச் சரிவந்ததைச் சொல்வார். ஆனால் மட்டக்களப்பில் கடலுக்கு அருகே கல்லடியில் நிற்கும் சுவரும், வயல்வெளி சூழ்ந்த சம்மாந்துறையில் நிற்கும் சுவரும் ஒரே புட்டியை ஒரே விதமாக ஏற்பதில்லை. பக்கெற்றின் விலையைப் பார்க்குமுன் ஓட்டையின் ஆழத்தையும் சுவரின் ஈரத்தையும் பார்த்தால், தெரிவு பெரும்பாலும் தானே அமைந்துவிடும்.

சிறு திருத்தம் என்று இங்கே கொள்வது உள்ளங்கைக்குள் அடங்கும் பள்ளம், ஓர் அங்குலத்துக்குள் அடங்கும் ஆழம், 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த அகலமுள்ள வெடிப்பு ஆகியவற்றையே. அதற்கு மேற்பட்டவை புட்டித் தகட்டின், அதாவது நிரப்பியை அழுத்திப் பூசும் மெல்லிய தகட்டின், வேலை அல்ல.

எவற்றைக் கொண்டு எடைபோடுவது?

முதலாவது ஆழம். மென்மையான நிரப்பிகள் யாவும் மெல்லிய படையாகப் பூசப்படுவதற்காகச் செய்யப்பட்டவை; அவற்றை ஆழமான குழியில் ஒரே தடவையில் அடைத்தால் மேற்பரப்பு காய்ந்து, உள்ளே ஈரம் தங்கி, நடுவே குழிந்து வெடிக்கும். சீமெந்துக் கலவைக்கோ இதற்கு நேர்மாறான குறை இருக்கிறது: மணற்பரல் உள்ளதால் அதை ஓரத்தில் காகிதம்போல் மெலித்துவிட முடியாது.

இரண்டாவது ஈரமும் உப்பும். கரையோர வீடுகளில் நிலமட்டத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை சுவர் ஈரத்தை உறிஞ்சுகிறது. அந்த ஈரத்தோடு கரைந்து வரும் உப்பு, கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நீர் ஆவியாகும்போது பெயின்ற்றுக்குப் பின்னால் பளிங்காகித் தள்ளத் தொடங்குகிறது. மூன்றாவது அசைவு: அந்த வெடிப்பு உறங்குகிறதா, இன்னும் வளர்கிறதா? நான்காவது, மேலே வரப்போகும் பெயின்ற். ஐந்தாவது, மிச்சம், அதாவது வாங்கியதில் எவ்வளவு வீணாகும் என்பது. பலரும் கடைசி இரண்டையும் கணக்கில் எடுப்பதில்லை, ஆனால் மறைவான செலவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

நிரப்பாமல் விடவேண்டிய சுவர்கள்

பீமின் அடியிலோ, தூணிலோ, யன்னலுக்கு மேலுள்ள கொங்கிறீற் நிலையிலோ கம்பியின் போக்கிலேயே நீளமாக ஓடும் வெடிப்பையும், அதன் ஓரத்தில் செம்மண் நிறக் கசிவையும் கண்டால், புட்டியைத் தொட வேண்டாம். உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்குவரை இடம் பிடிப்பதால், அது கொங்கிறீற்றை உள்ளிருந்து பிளக்கிறது. மேலே எதைப் பூசினாலும் அந்தத் தள்ளுவிசை நிற்காது. உப்புக்காற்று படும் எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கமுள்ள கரை) வீடுகளில் இது அரிதான காட்சி அல்ல. இதைப் பார்க்க வேண்டியவர் கட்டட வேலை நன்கறிந்த மேசன் அல்லது பொறியியலாளர்.

யன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கி, ஒரு முனையில் அகன்று மறுமுனையில் ஒடுங்கும் வெடிப்பு, அத்திவாரம் இறங்குவதைக் காட்டலாம். அதன் இரு முனைகளிலும் பென்சிலால் சிறு கோடிட்டுத் திகதி எழுதிவிட்டு, ஒரு மாரியும் ஒரு கோடையும் கழியும்வரை கவனிப்பது நல்லது. கோட்டைத் தாண்டாவிட்டால் நிரப்பலாம். தாண்டினால் நிரப்புவது பணத்தை இறைப்பதாகும்.

நிலமட்டத்துக்கு அண்மையில் வெள்ளை மாவாக உப்புப் பூத்து நிற்கும் சுவரும் இந்தப் பட்டியலில் சேரும். கடற்கரைக்கு அண்மையான ஒரு வீட்டில், முந்திய ஆண்டு நேர்த்தியாகப் புட்டி போட்டுப் பெயின்ற் அடித்த சுவரின் அடிப்பகுதி கையகலத் துண்டுகளாகக் கழன்று நின்றது. ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தால் முன்பக்கம் இளம்பச்சைப் பெயின்ற் புதிதாகவே இருந்தது. பின்பக்கம் முழுவதும் ஊசிபோன்ற வெண்பளிங்குகள். புட்டி கெட்டுப்போகவில்லை, அது ஒட்டியிருந்த சுவர்ப்பரப்புத்தான் தூளாகியிருந்தது. அங்கே வேலைக்கு வந்த முதிய மேசன் சொன்னது: "உப்பு எழும்புற சுவருக்கு மேல என்னத்தப் பூசினாலும் நிக்காது மனே." உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அகற்ற வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து மறுபடியும் உள்ளேதான் போகும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை, அதாவது கூரைநீர் சுவரோரம் விழுகிறதா, வளவு மண் தரைமட்டத்துக்கு மேல் ஏறியிருக்கிறதா, குழாய் கசிகிறதா என்பதைச் சரிசெய்த பிறகே நிரப்புவதைப் பற்றி யோசிக்கலாம்.

தகடு: மூன்றில் எது?

கடையில் புட்டி பிளேட் என்று கேட்டால், பெயின்ற் சுரண்டும் தடித்த தகட்டையும் அதே பெயரில் எடுத்துத் தருவார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் வேலை வேறு. சுரண்டும் தகடு வளையாது. அது பழைய பெயின்ற்றைக் கிளப்பவும் வெடிப்பைக் கீறி அகலப்படுத்தவும் உதவும். நிரப்பும் தகடு மெல்லியது. நுனியைப் பெருவிரலால் அழுத்தினால் வளைந்து, விட்டதும் நேராக நிமிர வேண்டும். அந்த வளைவுதான் நிரப்பியைப் பள்ளத்துக்குள் அழுத்தவும், அதே இழுப்பில் மேற்பரப்பை மட்டமாக்கவும் இடம்தருகிறது. வாங்கும்போது தகட்டின் வாயை வெளிச்சத்துக்கு எதிரே ஒரு நேரான அடிமட்டத்தோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். இடையில் ஒளி தெரிந்தால் அது ஒவ்வோர் இழுப்பிலும் சுவரில் கோடு போடும்.

அகலத்தைப் பொறுத்தவரை, தகடு பள்ளத்தைவிட அகலமாக இருக்க வேண்டும். அப்போதுதான் அதன் இரு ஓரங்களும் கெட்டியான சுவரில் தங்கி, நடுவிலுள்ள நிரப்பியை மட்டம் பார்க்கும். ஆணி ஓட்டைக்கு 2 அங்குலத் தகடும், வெடிப்புக்கும் பெயர்ந்த இடத்துக்கும் 4 அங்குலத் தகடும் ஒரு வீட்டுக்குப் போதும்.

பிளாஸ்ரிக் தகடு விலை குறைவு, துருப்பிடிக்காது. ஆனால் அதன் வாய் ஓரிரு சுவருக்குள் தேய்ந்து வளைந்துவிடுகிறது. சாதாரண உருக்குத் தகடு நன்றாக வளையும்; கழுவித் துடைத்துச் சிறிது எண்ணெய் தடவாமல் வைத்தால் நமது காற்றில் விரைவில் துரு ஏறும். அந்தத் துரு வெள்ளைப் புட்டியில் மஞ்சள் கறையாக இறங்கி, பெயின்ற்றுக்கு மேலும் தெரியக்கூடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டுக்கு முதலில் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தாலும், கரையோரத்தில் வசிப்பவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். வேலை ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். தகடு அதுவரை அலமாரியில் கெடாமல் கிடக்க வேண்டும்.

எந்தப் பொருளானாலும் கைவேலை ஏறக்குறைய ஒன்றே. மயிரிழை வெடிப்பை முதலில் தகட்டின் மூலையால் கீறி, உள்ளே நிரப்பி போவதற்கு வாய் திறக்க வேண்டும். அப்படியே மேலே தடவினால் அது வெடிப்பை மூடுமே தவிர நிரப்பாது. தூசியைத் தூரிகையால் முழுதாக அகற்றுங்கள். தகட்டின் வாயில் சிறிதளவு நிரப்பியை எடுத்து, வெடிப்புக்குக் குறுக்காக அழுத்தித் திணித்த பின், தகட்டைச் சுவரோடு ஏறத்தாழ 30 பாகைக்குச் சாய்த்து, வெடிப்பின் நீளப்போக்கில் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். காயும்போது சுருங்கும் என்பதால் நகத்தால் தடவினால் உணரும் அளவுக்குச் சிறிது மேடாக விடலாம். திரும்பத் திரும்ப இழுத்தால் நிரப்பி தகட்டோடு கிளம்பிவரும். இரண்டு இழுப்பில் அமையாததை, காய்ந்த பின் சாண்ட் பேப்பரிடம் விடுவதே நல்லது.

நான்கு பொருள்கள் ஒரு பார்வையில்

| | சீமெந்துக் கலவை | வெள்ளைச் சீமெந்துப் புட்டி | ஜிப்சம் தூள் | அக்ரிலிக் நிரப்பி |
|---|---|---|---|---|
| ஏற்ற ஆழம் | சுமார் 6 மி.மீ.க்கு மேல் | ஒரு படைக்கு 1 முதல் 1.5 மி.மீ. | ஆழமானதையும் ஏற்கும் | ஒரு படைக்கு 2 முதல் 3 மி.மீ. |
| வெளிச்சுவர் | பொருந்தும் | பெரும்பாலானவை பொருந்தும் | பொருந்தாது | டப்பாவில் குறிப்பிட்டிருந்தால் மட்டும் |
| இறுகுவது | நீரோடு வினைபுரிந்து, மெதுவாக | நீரோடு வினைபுரிந்து | நிமிடங்களில் | நீர் ஆவியாகி |
| மிச்சம் | தூள் காற்றுப்பட்டால் கட்டியாகும் | அவ்வாறே | அவ்வாறே | இறுக மூடினால் இருக்கும் |

சீமெந்துக் கலவை

கதவுநிலை ஓரத்தில் பெயர்ந்து கல் தெரியும் இடம், பழைய குழாயை எடுத்த குழி, வெளிச்சுவரில் மழை படும் மூலை ஆகியவற்றுக்கு இதற்கு மாற்று இல்லை. ஒரு பங்கு சீமெந்துக்கு நான்கு பங்கு அரித்த ஆற்றுமணல் போதும். சீமெந்தைக் கூட்டினால் உறுதி கூடும் என்ற நம்பிக்கையில் ஒன்றுக்கு இரண்டாகக் கலப்பவர்கள் உண்டு. அந்தக் கலவை மிகுதியாகச் சுருங்கித் தன்னைச் சுற்றிலும் புதிய வெடிப்பையே உண்டாக்கும். மணல் விடயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒரு வாளிதானே என்று கடற்கரையில் அள்ளிய மணலில் உள்ள உப்பு, அந்தத் திருத்தத்தை ஆண்டுக்கணக்கில் நனைத்தும் பூக்கவைத்தும் கெடுக்கும்.

இதன் மறைவான செலவு காலம். பழைய சுவரை முதலில் நனைத்து, சீமெந்துப் பால் பூசி, கலவையை வைத்த பின் குறைந்தது மூன்று நாள், கச்சான் காலமானால் ஒரு வாரம், காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். அதன் பின்னும் பெயின்ற் அடிக்க அவசரப்பட முடியாது: புதிய சீமெந்தின் காரத்தன்மை எண்ணெய்ப் பெயின்ற்றைச் சவர்க்காரம்போல் இளகச் செய்துவிடும் என்பதால், நான்கு வாரம் பொறுப்பதும் காரத்தைத் தாங்கும் பிறைமர் (பெயின்ற்றுக்கு முந்திய அடிப்பூச்சு) பூசுவதும் நல்லது. 50 கிலோ பை தேவையில்லை. சிறு கடைகளில் கிலோக் கணக்கில் வாங்கலாம், ஆனால் அது கட்டிதட்டாத புதிய சீமெந்தா என்பதை விரலால் நசுக்கிப் பாருங்கள். புட்டித் தகடு இங்கே இறுதி ஓரத்தைச் சீராக்க மட்டுமே உதவும். வைப்பதற்குச் சாந்தகப்பைதான் வேண்டும்.

வெள்ளைச் சீமெந்துப் புட்டி

நமது வீடுகளின் பெரும்பாலான உட்சுவர்த் திருத்தங்களுக்கு நான் முதலில் நினைப்பது இதையே. சீமெந்துப் பூச்சோடு ஒரே இனமாக ஒட்டுகிறது, ஓரளவு ஈரத்தைத் தாங்குகிறது, வழுவழுப்பாக வருகிறது. தூளைத் தண்ணீரில் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கி, பத்து நிமிடம் விட்டு மறுபடி கலக்கினால், சட்டியைச் சாய்த்தாலும் சரியாத எருமைத் தயிரின் பதம் வர வேண்டும். கலந்ததை இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும்; இறுகத் தொடங்கியதில் தண்ணீர் விட்டு மீண்டும் இளக்கினால் அது காய்ந்தபின் விரலில் மாவாக உதிரும்.

இரண்டு நிபந்தனைகள். பழைய பெயின்ற்றுக்கு மேல், சிறப்பாக மினுக்கமான எண்ணெய்ப் பெயின்ற்றுக்கு மேல், இது பிடிக்காது; சுரண்டிச் சீமெந்துப் பூச்சைக் கண்ட பின்பே போட வேண்டும். சுவரை முன்கூட்டி நனைக்கவும் வேண்டும். கோடையில் காய்ந்து கிடக்கும் சுவர் புட்டியின் நீரை உடனே குடித்துவிட, வினைபுரிய நீரின்றி அது வெறும் தூளாக நிற்கும். மொத்தத் தடிப்பு 3 மில்லிமீற்றரைத் தாண்டும் இடத்தில், அடியில் சீமெந்துக் கலவையும் மேலே புட்டியும் என இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

மறைவான செலவு மிச்சத்தில் இருக்கிறது. ஐந்து ஆணி ஓட்டைக்காக 20 கிலோ பையை வாங்கினால், மீதி அடுத்த மாரியின் ஈரக்காற்றில் கட்டியாகிவிடும். ஒரு கிலோப் பக்கெற்றுக்குக் கிலோ விலை கூடுதலாகத் தெரிந்தாலும், சிறு வேலைக்கு அதுவே மலிவு. மீதியைப் பொலித்தீனில் இறுகக் கட்டி, மூடியுள்ள டின்னில் வைத்தால் சில மாதம் தாங்கும்.

ஜிப்சம் தூள்

பிளாஸ்டர் ஒவ் பாரிஸ் என்று விற்கப்படும் இது பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறுகும். இறுகும்போது சுருங்காமல் மிகச் சிறிதளவு விரிவதால், ஆழமான ஓட்டையையும் ஒரே தடவையில் நிரப்பலாம். படுக்கை அறையில் றோல் பிளக் (திருகாணியைப் பிடிக்கச் சுவரில் செருகும் சிறு குழல்) கழன்ற ஓட்டைக்கும், மெயின் சுவிட்சை நிறுத்திய பின் சுவிட்ச் பெட்டியைச் சுற்றியுள்ள இடைவெளிக்கும் வசதியானது. ஆனால் ஜிப்சம் ஒரு லீற்றர் நீரில் ஏறத்தாழ 2 கிராம்வரை கரையக்கூடியது. குளியலறை, சமையலறைத் தொட்டியோரம், வெளிச்சுவர், நிலமட்டத்து ஈரப்பகுதி ஆகிய எங்கும் இதைப் பூசக் கூடாது. ஈரமான இடத்தில் சீமெந்தோடு தொடர்ந்து தொட்டுக்கொண்டிருந்தால், அதன் சல்பேற்று சீமெந்தை வினைகொண்டு வீங்கச் செய்யும் ஆபத்தும் உண்டு. கோப்பையில் ஒட்டிய பழைய துகள் அடுத்த கலவையை இன்னும் வேகமாக இறுகவைக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் கோப்பையைக் கழுவ வேண்டும். இது உருக்கை விரைவாகத் துருப்பிடிக்கச் செய்வதால், தகட்டையும் உடனே துடைக்க வேண்டும். வேகமாக வேலை செய்து பழகியவர்களுக்கே இதைச் சொல்வேன்.

அக்ரிலிக் நிரப்பி

கலக்கும் வேலை இல்லை, மூடியைத் திறந்து தகட்டில் எடுக்கலாம். கிலோ விலையில் நான்கிலும் பெரும்பாலும் இதுவே கூடியது. ஆனால் தேவையானதை மட்டும் எடுத்துவிட்டு மூடி வைக்க முடிவதால், ஆண்டுக்குச் சில ஓட்டைகள் மட்டும் அடைப்பவருக்குக் கணக்கு நேராகிவிடும். வாடகை வீட்டைக் காலிசெய்யும்போது படம் மாட்டிய ஆணி ஓட்டைகளை மூட இதைவிடச் சுலபமானது இல்லை.

இதன் உண்மையான பலம் நெகிழ்ச்சி. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நமது கரையோரத்தில் எழுந்த வீடுகளில் பல, கொங்கிறீற் தூண்களுக்கிடையே சீமெந்துக் கல் அடுக்கிக் கட்டப்பட்டவை. தூணும் கல்லும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வெவ்வேறு அளவில் அசைவதால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் மேலிருந்து கீழாக நேர்கோட்டில் மயிரிழை வெடிப்பு விழும். அங்கே சீமெந்துப் புட்டி அடுத்த கோடையில் மறுபடி வெடிக்கிறது. வெடிப்பைக் கீறி அக்ரிலிக்கால் நிரப்பி, மேலே வலைநாடா ஒட்டி, 4 அங்குலத் தகட்டால் மெல்லிய இரண்டாம் படையை இரு பக்கமும் மெலித்து இழுத்தால், அது அசைவோடு இசைந்து நிற்கும்.

இது நீர் ஆவியாகியே இறுகுகிறது என்பதை மாரிகாலத்தில் மறக்கக் கூடாது. கோடையில் ஒரு மணித்தியாலத்தில் காயும் படை, கார்த்திகை மார்கழியில் மறுநாள்வரை ஈரமாக இருக்கலாம். தடித்து வைத்தால் குழியும்.

பழைய சுண்ணாம்புச் சுவர்கள்

மட்டக்களப்பின் பழைய நகர்ப்பகுதியான புளியந்தீவிலும் வேறு பழைய ஊர்களிலும் முருகைக்கல்லையும் சிப்பியையும் சுட்டெடுத்த சுண்ணாம்பால் பூசிய சுவர்கள் இன்னும் உண்டு. தட்டினால் மந்தமான ஓசை கேட்கும், கீறினால் மென்மையாக உதிரும். அவற்றில் சீமெந்தை வைத்தால், அது சுற்றியுள்ள சாந்தைவிட இறுகி, ஈரத்தை வெளியே விடாமல் அடைத்து, தன் ஓரத்திலேயே பிரிந்துவிடும். நீற்றிய சுண்ணாம்பும் நுண்மணலும் கலந்த சாந்தே அங்கு பொருந்தும்.

பெயின்ற் என்னும் பெருஞ்செலவு

நிரப்பிய இடம் பெயின்ற்றை அதிகம் உறிஞ்சி மங்கலான பொட்டாகத் தெரியும். அதற்குப் பிறைமர் தேவை. பிறைமர் பூசினாலும், வெயிலில் வெளிறிய பழைய நிறத்தோடு அதே டின்னில் மிஞ்சிய பெயின்ற்கூட ஒத்துப்போவதில்லை. ஆகவே சுவரின் நடுவில் ஓர் உள்ளங்கை அளவு திருத்தினால், பெரும்பாலும் மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவர் முழுவதும் அடிக்க வேண்டியிருக்கும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் பெயின்ற் விற்கும் விலையில் இந்தச் செலவு நிரப்பியின் விலையைப் பல மடங்கு விஞ்சும். ஓட்டை அலமாரிக்குப் பின்னால் மறையுமானால், நிரப்பி மட்டம் பார்த்துவிட்டு, பெயின்ற்றை அடுத்த பொது வேலைவரை தள்ளிவைப்பதே சிக்கனம்.

இலங்கையில் பெயின்ற்றில் ஈயத்துக்குச் சட்ட வரம்பு 2013 முதலே நடைமுறையில் உள்ளது. அதற்கு முந்திய பூச்சுள்ள சுவரை உலர்வாகத் தேய்க்காமல் நனைத்துத் தேய்த்து, சிறு பிள்ளைகளை அறைக்கு வெளியே வைத்து, கழிவைக் கூட்டிக் கட்டி அப்புறப்படுத்துங்கள். புட்டித் தூளைத் தேய்க்கும்போதும் முகக்கவசம் அவசியம்.

மேசன் பாஸைக் கூப்பிடுவது எப்போது?

இரண்டு ஓட்டைக்காக ஒரு மேசனை அழைத்தாலும் அவருக்கு அது ஒரு நாள். நாட்கூலியும் சாப்பாடும் தேநீரும் அதற்கேற்பவே அமையும். சிறிய வேலை என்பதால் வருவதாகச் சொல்லி வராமல் போவதும் நடக்கும், அறுவடைக் காலத்திலும் பெருநாள், புத்தாண்டு நெருங்கும் நாள்களிலும் ஆள் கிடைப்பதே கடினம். ஆகவே ஆணி ஓட்டை, மயிரிழை வெடிப்பு, 3 மில்லிமீற்றருக்குள் அடங்கும் பெயர்வு ஆகியவற்றை வீட்டிலேயே செய்யலாம்; அதற்குத் தேவை நல்ல தகடும் ஒரு காலைப்பொழுதும் மட்டுமே.

ஏணியில் ஏறி இரண்டாம் மாடியின் வெளிச்சுவரில் செய்ய வேண்டியது, தட்டும்போது வெற்றோசை தரும் அகலமான பூச்சு, கூரைத் தளத்தின் அடியில் உதிரும் சீமெந்து ஆகியவற்றை நீங்கள் தொட வேண்டாம். வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களும் உயரத்து வேலையை விட்டுவிட வேண்டும். இத்தகைய வேலைகளை ஆண்டு முழுவதும் ஒரு கொப்பியில் குறித்துவந்து, மாரி முடிந்து சுவர் இரண்டு மூன்று வாரம் காய்ந்தபின், மாசியில் ஒரே நாளில் செய்விக்கும்படி பேசிக்கொண்டால், கொடுக்கும் நாட்கூலி முழுவதும் வேலையாகும். பேசும்போதே ஆற்றுமணலை யார் கொண்டுவருவது, கலவை என்ன விகிதம், தண்ணீர் தெளிப்பது யார் பொறுப்பு என்ற மூன்றையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். மூன்றாவது பெரும்பாலும் வீட்டாரின் பொறுப்பாகவே வரும்.